எட்டு மாதமாக வராத பாட்டு

“பாட்டு வர மாட்டேங்குது டீச்சர்,” என்றார் மாதேஸ்வரன்.

ரெஜினா டீச்சர் தலை நிமிரவில்லை. அறுந்த கிடார் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தார்.

மாதேஸ்வரன் சரக்கு ரயில் ஓட்டுபவர். வயது நாற்பத்தாறு. ஈரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த டீச்சரின் கிடார் வகுப்புக்கு, ஓய்வு நாள் தவறாமல் கிடாரோடு படியேறுவார். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. மேடை ஏறும் ஆசையும் இல்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார், வீட்டில் பாடுவார், மனைவி கேட்பார். அது நின்றுபோனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எட்டு மாசமாச்சு. மழையில உட்கார்ந்து பார்த்தேன். அணைக்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சும் பார்த்தேன். ஒரு வரி வரல.”

“நோட்டைக் குடுங்கண்ணா.”

ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் தேதி போட்டிருந்தது. டீச்சர் கடைசிப் பாட்டுக்குப் போனார்.

“பிப்ரவரி பதினாறு. பதினேழாம் தேதி என்ன ஆச்சு?”

“டியூட்டி.”

“டியூட்டியில?”

மாதேஸ்வரன் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் வந்தார். டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். அன்றும் எழுந்து போனார்.

மூன்றாவது வாரம் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

“ஆத்துப் பாலம் தாண்டி ஒரு வளைவு,” என்றார். “வண்டி திரும்புது, பெரியவர் ஒருத்தர் தண்டவாளத்துல குறுக்கே போறார். ஹாரன்ல வச்ச கையை நான் எடுக்கல. பிரேக்கும் போட்டாச்சு. சரக்கு வண்டி டீச்சர். நினைச்ச இடத்துல நிக்காது.”

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. ஆனா வாய் அசைஞ்சுட்டே இருந்துச்சு. யாரையோ கூப்பிட்டிருக்கார். யாரையா இருக்கும்னு யோசிச்சுட்டே கிடக்கேன். வீட்டுல சொல்லல.”

“அவர் பேரு?”

“தெரியாது. நடந்ததை எழுதிக் குடுத்துட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன். எடுத்துத்தானே ஆகணும்.”

டீச்சர் எழுந்தார். மாதேஸ்வரனின் கிடாரை உறையோடு தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கண்ணா.”

“நான் பாட்டைப் பத்திக் கேக்க வந்தேன் டீச்சர்.”

“நானும் அதைத்தான் சொல்றேன்.”

மாதேஸ்வரன் கோபத்தோடு போனார். மூன்று வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. வேறு கிடார் வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தார். கடை வாசல் வரை போய்த் திரும்பினார்.

பிறகு ஒரு காலையில் பஸ் ஏறி, அந்த வளைவுக்குப் பக்கத்து ஊரில் இறங்கினார்.

விசாரிக்க அதிக நேரம் ஆகவில்லை. விசைத்தறிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நான்காவது வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு வயதான அம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவரின் மனைவி, பெயர் பாவாயி.

“ஏனுங்க, யாரு வேணும்?”

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வதென்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். அதெல்லாம் மறந்துபோயிற்று.

“அன்னிக்கு அந்த ரயிலை ஓட்டுனது நான்தாங்க.”

பாவாயியின் கை நின்றது. எழுந்து உள்ளே போனார்.

மாதேஸ்வரன் வெயிலில் நின்றார். கதவு சாத்தப்படும் என்று எதிர்பார்த்தார். திட்டினாலும் கேட்டுக்கொண்டு நிற்பதென்று முடிவு செய்தார்.

பாவாயி ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

“ஆரன் அடிச்சீங்களா?”

“விடாம அடிச்சேனுங்க.”

“கேட்டிருக்காதுங்க. நாப்பது வருசம் தறிச் சத்தத்துல கிடந்த காது. நான் கூப்பிட்டாலே தோளைத் தொட்டுத்தான் கூப்பிடணும்.”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்ததும் பாவாயி சொம்பை வாங்கிக்கொண்டார்.

“கடைசியா அவரைப் பாத்தது நீங்கதான். பயந்து கியந்து போயிட்டாருங்களா?”

“இல்லீங்க. வண்டி வர்றதே அவருக்குத் தெரியல. யாரையோ கூப்பிட்டுக்கிட்டே போனாரு. வாய் அசைஞ்சுது.”

பாவாயி அவரையே பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“கூப்பிடலீங்க. பாடிட்டுப் போயிருப்பாரு. தறியில நிக்கும்போது அவரா என்னத்தையோ கட்டிப் பாடுவாரு. காது போனதுக்கப்புறமும் விடல. அவருக்கும் கேக்காது, தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவங்களுக்கும் கேக்காது. என்னத்துக்குப் பாடறீங்கன்னு நான்கூடச் சண்டை போட்டிருக்கேன்.”

“என்ன பாட்டுங்க?”

“யாரு கண்டா.”

மாதேஸ்வரன் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமாக வராத அழுகை வந்தது. பாவாயி மறுபடியும் நூலை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். அவரைப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் மாதேஸ்வரன் டீச்சரின் அறைக்குப் படியேறினார்.

“செங்கோடன்,” என்றார்.

டீச்சர் அலமாரியைத் திறந்து கிடாரை எடுத்தார். அவரிடம் கொடுக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுங்கண்ணா.”

மாதேஸ்வரன் சொன்னார். லைன் வீட்டைச் சொன்னார். செங்கோடனைத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டதைச் சொன்னார். பாவாயி சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னார். சிலதை இரண்டு தடவை சொன்னார். ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடம் சொல்கிறோம் என்பதையும் மறந்து சொன்னார்.

அவர் நிறுத்தியபோது அறை திடீரென்று வெறிச்சென்று ஆயிற்று. அதுவரை கிடார் ஒலித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?”

“நீங்க பாடறதை நிறுத்திட்டீங்களேண்ணா,” என்றார் டீச்சர்.