டைம் கீப்பர் நம்பர் மாற்ற வந்தது

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தெட்டு. அப்படித்தான் அமைந்தது, நான் என்ன செய்ய.

குருவின் பெயர் ஷமீம். கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கடை வாசலை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் மிஷின் உண்டு. அதன் பின்னால் நிற்கிறவன் நான். மிஷின் பேப்பரைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும்போது எனக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அது பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். அதனால் இந்தக் கதை முழுக்க எனக்குத் தெரியும்.

சீடர் சென்னியப்பன். முப்பத்தொரு வருஷம் அதே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் விசில் ஊதினால் வண்டி கிளம்பியாக வேண்டும். கைக்குழந்தையோடு ஓடி வருகிறவளும் சரி, முகூர்த்தத்துக்குப் போகிற மாப்பிள்ளையும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "நேரம்னா நேரந்தானுங்க" என்பார். டிரைவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் புதுப் போன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கு நம்பர் மாத்தோணும் அம்மிணி."

"எதுலீங்க ஐயா?"

"எல்லாத்துலயும். கேஸு, கரண்ட்டு, மெயிலு, அத்தனையிலயும் எம் பொண்ணு கோகிலா நம்பரு இருக்குது. அப்ப எங்கிட்ட பட்டன் போன்தான். அவதான் எல்லாம் பண்ணிக் குடுத்தா. இப்ப எதைத் தொட்டாலும் ஓடிபி அவளுக்குப் போகுது. அவ புனேல இருக்கறா. அங்கிருந்து ஆறு எண்ணை எனக்கு அனுப்பி விடறா. எங்க ஊட்டுக் கதவைத் திறக்கறதுக்குச் சாவி புனேல இருந்து வரோணுமா? நீங்களே சொல்லுங்க."

"பொண்ணுகிட்டயே ஒரு வார்த்தை சொன்னா..."

"நாங்க பேசிக்கறதில்லீங்க. நாலு வருஷம் ஆச்சு. அந்த ஆறு எண்ணு வரும். முன்னால ஒண்ணும் இருக்காது, பின்னால ஒண்ணும் இருக்காது."

டீச்சர் அதற்கு மேல் துருவவில்லை. "போனைக் குடுங்க. அஞ்சு நிமிஷத்துல மாத்திக் குடுத்தர்றேன்."

"வேண்டாங்க. நானே மாத்தக் கத்துக்கறேன். இனி எவங்கிட்டயும் போயி நிக்கற மாதிரி வச்சுக்கக் கூடாது."

"அப்படீன்னா முதல் பாடம். பக்கம் முழுசாத் திறக்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரோணும்."

"இது ஒரு பாடமா?"

"மத்ததெல்லாம் இதைவிடச் சுலபமுங்க."

சுலபமாவது ஒன்றாவது! திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் மனுஷனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஒரு பொத்தானை ஆறு தடவை அமுக்குவார். பக்கம் குழம்பிப்போய் அவரை வெளியே தள்ளும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'புதுப்பிக்க வேண்டாம், பின்னால் செல்ல வேண்டாம்' என்று சிவப்பில் எழுதியிருப்பதை வேறு யாருக்கோ எழுதியது போலப் படித்துவிட்டுப் பின்னால் போவார்.

மறுநாள் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "நேத்து இங்க இருந்த பட்டன் எங்கீங்க?"

"அப்டேட் ஆயிருச்சுங்க."

"எவனைக் கேட்டு? நான் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள எம் போனுக்குள்ள பூந்து சாமானத்தையெல்லாம் இடம் மாத்தி வச்சுப்போட்டுப் போயிருக்கறான். இதையே ஊட்டுல வந்து பண்ணியிருந்தான்னா போலீசுல குடுத்திருப்பேன்."

நான் மிஷின் பின்னாலிருந்து "சரியாச் சொன்னீங்க" என்றேன். என் வயிற்றெரிச்சல் எனக்கு. போன மாதம் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிரின்டர், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என்னை யாரென்றே தெரியாது என்கிறது.

அடுத்து இன்னொரு கேள்வி. "எதைத் திறந்தாலும் 'ஒப்புக்கொள்கிறேன்'னு அமுக்கச் சொல்றானே, ஒத்துக்கலைன்னா என்ன பண்ணுவான்?"

"உள்ள விட மாட்டானுங்க."

"அப்பறம் எந்தக் கருமத்துக்குக் கேக்கறான்?"

அதற்கு எந்த குருவிடமும் பதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

புதன்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள் என்று ஒன்பது படம் வந்தது. பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொட வேண்டும். எனக்கே சந்தோஷமாக இருந்தது. இதிலாவது மனுஷன் ஜெயித்துவிடுவார் என்று பார்த்தேன்.

இரண்டு படத்தைத் தொட்டுவிட்டு நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு இருக்குதுங்க ஐயா," என்றார் டீச்சர்.

"இதுங்களா? இது வேனு. பன்னண்டு சீட்டு. பர்மிட்டே வேற. அந்த மஞ்ச வண்டி ஸ்கூலு வண்டி, அதை ஸ்டாண்டுக்குள்ளயே நாங்க விட மாட்டோம்."

"அதையும் தொட்டுருங்க. அவன் அதைத்தான் பஸ்ஸுன்னு நினைக்கறான்."

"தெரிஞ்சே தப்பாச் சொல்லச் சொல்றீங்களா?"

சொல்ல மாட்டேன் என்று அடம் பிடித்தார். நாலு தடவை படம் மாறியது. நாலு தடவையும் வண்டி வண்டியாகப் பிரித்துச் சரியாகச் சொல்லித் தோற்றார். கடைசியில் உறுதிப்படுத்த முடியவில்லை என்று வந்துவிட்டது.

"முப்பத்தொரு வருஷம் பஸ்ஸைத் தவிர வேற ஒண்ணையும் பாத்ததில்லீங்க! எனக்குப் பஸ் தெரியலைங்கறான்!"

டீச்சர் சிரித்தார். "அவனுக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான் நமக்கும் தெரியோணும். எச்சாத் தெரிஞ்சா உள்ள விட மாட்டான்."

வியாழக்கிழமை கொஞ்சம் தேறினார். உள்ளே போய்விட்டார். நாலைந்து பக்கம் கையைக் கட்டிக்கொண்டே தாண்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டினார். அதற்குள் திரையில் 'உங்கள் நேரம் முடிந்தது' என்று வந்து, பழையபடி வாசலில் நிற்கிறார்.

"அடப் பாவி! கண்ணாடி துடைக்கற நேரங்கூடப் பொறுக்க மாட்டானா? மனுசன் உக்காந்திருக்கறானா இல்லையான்னு பாக்க வேண்டாம்?"

"அவனுக்கும் நேரம்னா நேரந்தானுங்க ஐயா," என்றார் டீச்சர்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சென்னியப்பன் முகம் செத்துவிட்டது.

"அன்னிக்கும் நான் நேரந்தானுங்க பாத்தேன்," என்றார்.

"என்னிக்குங்க?"

"எங்கூட்டுக்காரி ருக்குமணி தவறிப் போனப்ப. அஞ்சு மணிக்கு எடுக்கறதுன்னு பேச்சு. கோகிலா பிளேன் புடிச்சுக் கோயமுத்தூர் வந்து எறங்கீட்டா. 'வந்துட்டே இருக்கறேன்ப்பா'ன்னு போன் பண்ணினா. வழியில ஏதோ மறியலு. வண்டி நின்னு போச்சு. சொந்தக்காரங்கெல்லாம் சொன்னாங்க, பொறுக்கலாம், பெத்த பொண்ணு மூஞ்சியைப் பாக்கட்டும்னு. நாந்தான் நேரம் ஆச்சுன்னு கெளப்பினேன். அவ நாப்பது நிமிசங் கழிச்சு வந்தா. காலியாக் கெடந்த கட்டிலைப் பாத்துக்கிட்டு நின்னா. 'நாப்பது நிமிஷம் நிறுத்தி வைக்க முடியலையாப்பா'ன்னா. அவ்வளவுதானுங்க. அதுக்கப்பறம் பேசலை."

பேப்பரை அடுக்குவது போல் திரும்பிக்கொண்டேன். இந்த ஆளைத்தானே இத்தனை வருஷம் எல்லோரும் திட்டினோம். திட்டியது தப்பென்றும் சொல்ல முடியவில்லை, பாவமாகவும் இருந்தது.

டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு வாங்க. கேஸு நம்பரை முதல்ல மாத்தலாம்," என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அன்று டீச்சரின் தொடுதிரைக் கம்ப்யூட்டரில் பக்கம் திறந்தது. வட்டம் சுற்றியது. கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிலிண்டர் வந்த தேதிகள் வரிசையாகத் திரையில் விழுந்தன.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "முன்னாடியெல்லாம் ஒன்றரை மாசத்துக்கு ஒரு சிலிண்டர். இப்ப நாலு மாசம் வருதுங்களே?"

"டீ வைக்கறதோட சரிங்க. ஒருத்தனுக்கு என்னத்தை ஆக்கறது. மெஸ்ஸுல எதையாச்சும் வாங்கிக்கறேன். பாதி நாளைக்கு அதுவும் இல்லை."

"ஒவ்வொரு சிலிண்டருக்கும் உங்க பொண்ணுக்கு ஒரு மெசேஜ் போகுதுங்க. தேதியோட போகுது. நீங்க அடுப்புப் பத்த வைக்கறதில்லைன்னு புனேல தெரிஞ்சிருக்கும்."

சென்னியப்பன் அந்தத் தேதிகளை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். இதை அவர் யோசித்திருக்கவே இல்லை என்று முகமே சொன்னது.

"ஓடிபி போச்சுன்னா பொண்ணு எத்தனை நேரத்துல அனுப்புமுங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அரை நிமிசம். மிஞ்சிப் போனா ஒரு நிமிசம்."

"ஆபீசுல வேலை பாக்கற பொண்ணு. எந்நேரமும் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்குமுங்களா?"

"தெரிஞ்சு என்ன பண்ணினா?" குரல் எழும்பியது. "நான் ஆக்கறதில்லைன்னு தெரியுமில்ல? ஒரு வார்த்தை கேட்டாளா?"

"நீங்க கேட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வேறு பேச்சே இல்லாமல் 'மொபைல் எண்ணை மாற்ற' என்ற பொத்தானைத் தானே அமுக்கினார். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. கீழே ஆறு கட்டம். பக்கத்தில் பத்து நிமிஷக் கெடு குறைந்துகொண்டே ஓட ஆரம்பித்தது.

"எதுக்கு ஓடிபின்னும் அந்த மெசேஜ்ல இருக்குமுங்க," என்றார் டீச்சர். "நம்பர் மாத்தறீங்கன்னு பொண்ணுக்குத் தெரியும். இதுக்கப்பறம் இங்கிருந்து அங்க ஒண்ணும் போகாது."

"போக வேண்டாம்."

அரை நிமிஷம் ஆனது. ஒரு நிமிஷம் ஆனது. மூன்று நிமிஷம். போன் மேஜை மேல் மல்லாந்து கிடந்தது.

"சர்வர் வேலை செய்யலையாட்ட இருக்குது," என்றார். "இவனுக லட்சணமே இதுதான்."

'மறுபடி அனுப்பு' என்ற பொத்தானுக்கு உயிர் வந்தது. அவர் விரல் அங்கே போனது.

"முதல் பாடமுங்க," என்றார் டீச்சர்.

விரல் நின்றது. அவர் கையைக் கட்டிக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. வெளியே சத்தியமங்கலம் வண்டிக்கு யாரோ விசில் ஊதினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர்," என்றார். அதுவரை அம்மிணிதான். அப்போதுதான் முதல் தடவையாக டீச்சர் என்று கூப்பிட்டார். "நெசத்தைச் சொல்லட்டுங்களா? சாவி புனேல இருக்குதுன்னு சொன்னதெல்லாம் சும்மாங்க. அந்த ஆறு எண்ணு வந்துதுன்னா, பின்னாலயே ஒரு வார்த்தை வந்துரும்னு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். சில நாளு பொழுது எறங்கற வரைக்கும் உக்காந்திருப்பேன். ஊட்டுல வேற சத்தமே இருக்காது. வராதுங்க. அதுதான் என்னால முடியலை. எண்ணே வராம இருந்துச்சுன்னா, எதுர்பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதில்லை பாருங்க."

நான் மிஷினை ஓடவிடாமல் நிறுத்தினேன். ஒன்பதாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

போன் சத்தம் போட்டது.

"வந்துருச்சு!" என்று பாய்ந்து எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். இடது கையில் போன், வலது கை விரல் முதல் கட்டத்துக்கு நேராகப் போய்த் தயாராக நின்றது. பார்த்தார். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தார்.

"என்னுங்க வந்திருக்குது?" என்றார் டீச்சர்.

எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெதுவாகப் படித்தார்.

"எதுக்குப்பா மாத்தறீங்க?"

அதில் எண் ஒன்றும் இல்லை. அவர் போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். கெடுவில் பாக்கி ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"டீச்சர், நேரம் போகுது. இங்க ஆறு எண்ணுக்குத்தான் கட்டம் இருக்குது. இதை எங்க அடிக்கறது?"

டீச்சர் கை நீட்டித் திரையை அணைத்தார்.

"அது சைட்டு கேக்கற கேள்வி இல்லீங்க ஐயா. உங்க பொண்ணு கேக்கறது."