செல்லையாவுக்கு எந்தக் கொடி?

இது பூங்கனி வாய் திறந்த கதை.

அவள் புருஷன் செல்லையாவுக்குக் கொடிக்கம்பம் நடுவதுதான் பிழைப்பு. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவான். போன வாரம் நட்ட கம்பம் கரண்டுக் கம்பியில் உரசியதில் தூக்கி எறியப்பட்டான். இன்று வாசலில் பாடையில் கிடக்கிறான்.

தேர்தல் நேரம். இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு கொடியோடு வந்து நின்றார்கள்.

"இவன் எங்க ஆளு. எங்க கொடியைப் போத்தாம பாடை நகராது," என்றார் ஆளுங்கட்சி தவசிமுத்து.

"உம்ம ஆளா? எங்க மாநாட்டுக்கு நூறு கம்பம் நட்டவன்வே!" என்றார் எதிர்க்கட்சி ராமபாண்டி.

வெயில் ஏறியது. தூக்க வந்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். தவசிமுத்து பூங்கனி பக்கம் திரும்பினார்.

"ஏ தாயி, நீயே சொல்லு. உன் குடும்பம் எந்தப் பக்கம்?"

நாலு பேர் முன்னால் பேசியே அறியாதவள், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்குக் கட்சியெல்லாம் தெரியாது அண்ணாச்சி. இவுக அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில வாசலைப் பார்த்துக்கிட்டே கெடந்தாக. அப்ப வந்து பார்த்தவங்க யாரோ, அவங்க கொடியையே போத்துங்க. நாங்களும் அந்தப் பக்கமே நிக்கிறோம்."

தவசிமுத்து ராமபாண்டியைப் பார்த்தார். ராமபாண்டி தரையைப் பார்த்தார். இரண்டு கொடியும் மடிந்து கக்கத்துக்குள் போயின.

"நான் வந்தேன்லம்மா," என்றாள் நாலு வயது மகள் இசக்கி. உள்ளே ஓடி, தான் போர்த்திப் படுக்கும் துண்டை எடுத்துவந்து அப்பன் மேல் விரித்தாள். அது முழங்கால் வரைக்கும்தான் எட்டியது.

அப்படியே தூக்கினார்கள்.