தேரியிலேயே கறுப்பான இடம்

பொழுது அடைந்து விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. ‘ஊ...ம்’ என்று, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல. ஊருக்கு வெளியே மேடுமேடாகக் கிடக்கும் செம்மணல் தேரிப் பக்கமிருந்துதான். ரோஸ்லின் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கணவன் உப்பு லாரியோடு போனவன், மாதக் கடைசியில்தான் வருவான்.

மறுநாள் காலை, படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் இசக்கி டீச்சர் வந்தாள். ரோஸ்லினைவிடச் சின்னவள். அவள் சைக்கிளை நிறுத்துவதற்குள் ரோஸ்லின் சொல்லிவிட்டாள்.

“டீச்சர், இதுதான் கடைசி வகுப்பு. நாளைக்கு முதல் பஸ்ஸில அம்மா வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்.”

“அண்ணன் ஏதும் சொன்னாங்களாக்கா?”

“அவர் பாவம். இந்த ஊர்தான். ராத்திரியானா தேரியில ஏதோ அழுவுது. வெளிய உக்காந்து வரைஞ்சா ஊர் பழகிரும்னு நீங்கதானே சொன்னீங்க? எவ்வளவோ வரைஞ்சிட்டேன். ஏன் பழகல?”

இசக்கி சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறினாள். படங்களை வாங்கித் தரையில் பரப்பினாள்.

“இது என்னக்கா, பனையா? பாட்டில் கழுவுற பிரஷ்ஷைல்லா நட்டு வச்சிருக்கீங்க!”

அழுகை முட்டிக்கொண்டிருந்த ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எல்லாப் படத்துலயும் கீழ ஒரு கோடு கெடக்கே, அது என்ன?”

“எங்க வாசப்படி.”

“எல்லாத்தையும் படியிலயே உக்காந்து வரைஞ்சீங்களா?”

“பின்ன?”

இசக்கி பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பென்சிலை எடுங்க. சத்தம் எங்கயிருந்து வருதோ, அங்க போய் உக்காருவோம்.”

“ஐயையோ!”

“பகல்தானக்கா. வாங்க.”

மணல் காலை உள்ளே இழுத்தது. முதலில் ரோஸ்லின் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் மணலில் ஒரு தடத்தைக் கண்டாள். கௌதாரி ஓடிய தடம். பக்கத்திலேயே அதன் குஞ்சுகளின் தடம், ஊசியால் குத்தினதுபோல. உட்கார்ந்து வரைந்தாள். எழுந்து, முந்திரி காய்க்கும் கொல்லாமரம் வரைக்கும் நாலடி போனாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“டீச்சர்! இந்த மண்ணு சிவப்பே இல்ல! கொல்லாமர நிழல்ல பாருங்க, ஊதாவா இருக்கு!”

“கத்தாதீங்கக்கா, கௌதாரி ஓடிரும்.”

“ஓடட்டும்! ஐயோ, இந்த மேட்டைப் பாருங்களேன். காத்துக்கு வழியுது. நான் வரையறதுக்குள்ள வேற மேடாயிடுது!”

பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் கையைத் தட்டியது.

மேட்டின் உச்சியில் ஒரு மொட்டைப்பனை நின்றது. இடி விழுந்து தலை போன மரம். நடுவில் பெரிய பொந்து. ஒரு வீச்சு காற்று வந்தது. ‘ஊ...ம்.’

ரோஸ்லின் அப்படியே நின்றாள். பிறகு மரத்தில் காதை வைத்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“இதுவா! இந்த மொட்டைக்கா பயந்து செத்தேன்! விட்டுது டீச்சர். பயம் விட்டுப்போச்சு.”

“சரி. இப்பக் கண்ணைச் சுருக்குங்க, நிழல் போடுறதுக்கு முன்னால பாப்போமே, அப்படி. கண்ணுக்கு எட்டுன மட்டும் ரொம்பக் கறுப்பு எது?”

ரோஸ்லின் பொந்தைப் பார்த்தாள். அதன் உள்ளேயும் வெயில் விழுந்திருந்தது. கொல்லாமரத்தடி ஊதாதான். கீழே ஊர் தெரிந்தது. ஊர்க்கடைசியில் வெள்ளையடித்த ஒரு வீடு. அதன் நடுவில், மையைக் கொட்டினதுபோல ஒரு கட்டம்.

“எங்க வீட்டு வாசல்,” என்றாள்.

“கதவைச் சாத்தலையாக்கா?”

“சாத்தறதே இல்ல.”

“ராத்திரி?”

“ராத்திரிதான் முக்கியமா. ஏதாச்சும்னா பிள்ளையத் தூக்கிட்டு ஓடணும்ல?”

“எந்தப் பக்கம் ஓடுவீங்க?”

ரோஸ்லின் வாசலைப் பார்த்தாள். வாசல் நேராக அவளைப் பார்த்தது. அங்கிருந்து கிளம்பிய ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து அவள் காலடிக்குத்தான் வந்து சேர்ந்தது.

அவள் உட்கார்ந்தாள். முதலில் அந்தக் கட்டத்தைப் போட்டாள், பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்தி. அதைச் சுற்றி வீடு. வீட்டைச் சுற்றித் தெரு, கிணறு, கோயில் கொடிமரம். பிள்ளை பசித்து அழுதது. பால் கொடுத்துவிட்டு மறுபடி வரைந்தாள். ஊர் முழுக்கத் தாளுக்குள் வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

வீடு திரும்பும்போது பொழுது மசங்கிவிட்டது. வாசலில் கால் வைக்கவும் தேரியிலிருந்து ‘ஊ...ம்’ வந்தது. ரோஸ்லின் காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

“டீச்சர், பனைதான்னு தெரியுது. ஆனாலும் பயம் வருதே!”

இசக்கி பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள்.

“எனக்கும் வரும்க்கா. அது வெளியவே இருக்கட்டும். நாளைக்குக் கிணத்துப் பக்கம் போய் உக்காருவோமா?”

ரோஸ்லின் உள்ளே போய்ப் பிள்ளையைக் கட்டிலில் விட்டாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். துருவேறி இறுகிக் கிடந்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளிப் போட்டாள்.