தாசில்தாரின் கனம்

குருபாதம் ஐயாவின் சீடர்களிலேயே வயதில் மூத்தவர் மாசிலாமணி. ஐயாவைவிடவும் இருபது வயது மூத்தவர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றபின் ஒருநாள் உபதேசம் கேட்க வந்தவர், வந்த இடத்திலேயே பாயைப் போட்டுவிட்டார். சீடர் குருவை ‘ஐயா’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். கேட்கிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று குழப்பம் வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. ஆசிரமம் என்று பெயரே தவிர, நாலு ஓலைக் குடிசைகளும் ஜெபத்துக்கு ஒரு கூரையும்தான். சுற்றிலும் தொழுநோயாளிகள் பத்தொன்பது பேர் குடியிருந்தார்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் இவர்கள், அந்தக் கரையில் ஊர். குடியிருப்பின் நடுவில் ஒரு கிணறு. ஐயாவும் நோயாளிகளும் சேர்ந்து இரண்டு கோடைக்காலம் தோண்டிய கிணறு.

அந்த ஐப்பசியில் ஊருக்குள் காய்ச்சல் பரவியது. தாசில்தார் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் யாருக்காவது கஷ்டம் வரும் என்பது தாலுகா முழுக்கத் தெரிந்த விஷயம். நோயாளிகளின் கிணற்றிலிருந்து நோய் பூமிக்கடியில் இறங்கி, ஆற்றில் கலந்து, ஊருக்கு வருகிறது என்று கண்டுபிடித்தார். குடியிருப்போ ஊருக்குக் கீழே, ஆறு ஓடிப்போகிற பக்கம் இருந்தது. தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடாது என்று எடுத்துச் சொல்லத் தாலுகா கச்சேரியில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நோயாளிகளே மண் போட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கிணறு போனால் ஆற்றில்தான் இறங்கி மொள்ள வேண்டும். கரை செங்குத்து. விரல் இல்லாத காலோடு, விரல் இல்லாத கையில் குடத்தோடு, மழை வழுக்கலில் அதில் இறங்கி ஏறுவது நடக்கிற காரியமில்லை. ஐயா இரண்டு முறை மனுப் போட்டார். மாசிலாமணிதான் தன் அழகான ஏட்டு எழுத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் மாசிலாமணி ஐயாவிடம் வந்து நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“அதிகாரத்துல இருக்கவனைக் கனம்பண்ணணும், மதிக்கணும்னு சொல்லுதீங்க. நான் முப்பது வருஷம் சல்யூட் அடிச்சவன். அதுல பாதிப் பேரு முட்டாப்பயலுவ, மீதிப் பேரு அநியாயக்காரனுவ. இந்தாளு ரெண்டும் சேந்த ஆளு. இவனை எப்படி ஐயா கனம்பண்ணுதது?”

ஐயா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கூப்பாடு கேட்டது.

இருவரும் கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். அக்கரையில் தாசில்தார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிரம்பு. பக்கத்தில் இரண்டு மூங்கில்கள் கட்டிய ஒரு நாற்காலி. அதைச் சுமந்து வந்த நாலு பேரும், போகிற இடம் எதுவென்று தெரிந்ததும் ஓடிப்போயிருந்தார்கள். கிராமத்துத் தலையாரிகள் இரண்டு பேர் மட்டும் வேலை போய்விடுமே என்று பயந்து நின்றார்கள். ஆறு தொடையளவு ஓடியது. தாசில்தாருக்கு நீச்சல் தெரியாது.

மாசிலாமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாத்தீங்களா ஐயா! கர்த்தர் ஆத்தையே காவலுக்கு நிறுத்திட்டாரு. இனி அந்தாளு எப்படி வாராருன்னு பாக்கலாம்.”

ஐயா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்.

“எங்க போறீங்க?”

“கூட்டிட்டு வர.”

“யாரை?”

“தாசில்தாரை.”

“ஐயா! வந்தா கிணத்தை மூடிருவாரு!”

“மூடச் சொன்னவரு இன்னும் கிணத்தைப் பாக்கலியே அண்ணாச்சி.”

சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டார். மாசிலாமணிக்கு வேறு வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் இறங்கினார்.

அக்கரையில் தாசில்தார் இரண்டு பேரின் கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். தூரத்திலிருந்தே பார்த்தார்.

“உனக்கு அந்த வியாதி இருக்கா?”

“இதுவரைக்கும் இல்ல எசமான்” என்றார் ஐயா.

தாசில்தார் ஏறி உட்கார்ந்தார். முன்னால் வலப்பக்கம் ஐயா, இடப்பக்கம் மாசிலாமணி. பின்னால் தலையாரிகள். நாற்காலி எழும்பியது. ‘கனம் பொருந்திய தாசில்தார் அவர்கள் சமூகத்திற்கு’ என்று தன் வாழ்நாளில் ஆயிரம் காகிதம் எழுதியிருப்பார் மாசிலாமணி. அந்தக் கனம் எவ்வளவு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதி ஆறு வந்ததும் ஐயா நாணல் பக்கமாகத் திரும்பினார்.

“ஏய், எங்கே திரும்புறே?”

“நேரா போனா ஆழமான மடு இருக்கு எசமான். சுத்தித்தான் போவணும்.”

“மடுவாவது மண்ணாவது! என் பூட்ஸ் நனையுது. நேரே போ.”

“போவ மாட்டேன் எசமான்.”

பின்னால் தலையாரிகள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“என்ன சொன்னே?”

“நீங்க கரையில நின்னு போகச் சொல்லியிருந்தாக்கூட போயிருப்பேன். எனக்கு நீந்தத் தெரியும். இப்ப என் தோள்ல இருக்கீங்களே எசமான். எப்படிப் போவேன்?”

பிரம்பு விழுந்தது. காதுக்குப் பின்னால் தோல் கிழிந்தது. ஐயா தலையைக்கூட அசைக்கவில்லை, கால் வைத்த இடத்திலிருந்து அடுத்த கால் வைத்தார். மறுபடி விழுந்தது. கழுத்து வழியாக ரத்தம் இறங்கி மூங்கிலை நனைத்தது.

மாசிலாமணிக்குக் கண் இருட்டியது. முப்பது வருஷத்துக் கோபம் மொத்தமும் தோளுக்கு வந்து நின்றது. ஒரே ஒரு நொடி போதும். தோளை ஒரு பக்கம் சாய்த்தால் முடிந்தது கதை. ஆற்றில் விபத்து என்று ஏட்டுக்கு எழுதவா தெரியாது? சாய்க்கத்தான் செய்தார். அரை விரற்கடை சாய்த்திருப்பார், அவ்வளவுதான். தாசில்தார் அசையவே இல்லை. அந்த அரை விரற்கடைக் கனமும் அப்படியே ஐயாவின் பக்கம் போய் இறங்கியது. ஐயாவின் முழங்கால் மடங்கியதை மாசிலாமணி தண்ணீருக்குள்ளேயே பார்த்தார்.

“அண்ணாச்சி, தோளு” என்றார் ஐயா மெதுவாக.

மாசிலாமணி பதறிப்போய்த் தோளை நிமிர்த்தினார். அழுகை வந்தது.

மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கிய வேகத்தில் தாசில்தாரின் மறு கையிலிருந்து குடை நழுவியது. விரிந்தபடியே தண்ணீரில் மிதந்து, அவர் காட்டிய அதே நேர்ப்பாதையில் போயிற்று. பத்தடி போனதும் நின்றது. நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு கம்பி நிமிர்ந்து, காலைப் பிடித்து யாரோ இழுத்ததைப் போல உள்ளே போய்விட்டது. வெளியே வரவே இல்லை.

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த இடத்தில் இப்போது நாலு பேரும் நாற்காலியும் இருந்திருக்க வேண்டும். பயம் வந்தது அவருக்கு. மடுவைப் பார்த்து வந்த பயமும்தான். ஆனால் பக்கத்தில் ரத்தம் வழிய நடந்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்து வந்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்த ஆளோடு மூன்று வருஷம் கூழ் குடித்திருக்கிறோமே, யாரென்று தெரியாமலே குடித்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

கரை சேர்ந்து நாற்காலியை இறக்கினார்கள். தாசில்தார் இறங்கி ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

“குடை போச்சு. அதுக்கும் நீதான் பொறுப்பு.”

“சரி எசமான்” என்றார் ஐயா.

கிணற்றடியில் அன்னப்பழம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி. இரண்டு கையிலும் விரல் கிடையாது. கயிற்றை முழங்கைக்குக் கீழே சுற்றிக்கொள்வாள். கிணற்றுக்கு முதுகைக் காட்டி ஓரடி நடப்பாள், நின்று மூச்சு வாங்குவாள், இன்னும் ஓரடி நடப்பாள். மரவாளி மேலே வர இருபத்தைந்து அடி நடக்க வேண்டும். தாசில்தார் என்ன சொல்ல வந்தாரோ, அதை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். வாளி மேலே வந்து, விளிம்பில் இடித்து, குடத்தில் சரிகிறவரைக்கும் பார்த்தார்.

“எசமானுக்குத் தாகமா இருக்கும். தண்ணி வேணுமா?” என்று கேட்டாள் அன்னப்பழம்.

தாசில்தார் இரண்டு எட்டுப் பின்னால் போனார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“உத்தரவு உத்தரவுதான். மண்ணைத் தள்ளுங்கய்யா” என்று தலையாரிகளை அதட்டினார்.

தலையாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன்தான் சொன்னான். “எசமான், வேலை போனாலும் போவட்டும், இங்க உள்ள மண்ணைத் தொட மாட்டோம். தொட்டா ஒட்டிக்கிடும்னு நீங்கதான தண்டோரா போடச் சொன்னீங்க?”

தாசில்தாரின் முகம் கறுத்தது. ஐயாவின் பக்கம் திரும்பினார்.

“நீ இவங்களை வச்சு மூடு. இப்பவே.”

ஐயா கைகூப்பினார். கூப்பியதில் நடிப்பு இல்லை. ஏட்டு வேலை பார்த்தவருக்குப் பொய்க் கும்பிடு எது, மெய்க் கும்பிடு எது என்று தெரியாமல் போகாது. இது மெய்க் கும்பிடு.

“மாட்டேன் எசமான்.”

ஆற்றில் மடுவைக் காட்டிச் சொன்ன அதே குரல். ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“ஆறு மாசம் உள்ளே போடுவேன். தெரியுமா?”

“தெரியும் எசமான். இந்தப் பத்தொம்பது பேரோட தாகம் உங்க தலையில வந்து விடியும். அதுக்கு நான் கைகொடுக்க மாட்டேன்.”

“கட்டுய்யா இவனை!”

ஐயா இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். சின்னத் தலையாரி தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினான். ஐயா அன்னப்பழத்தைப் பார்த்து, “வாளியை வெயில்ல போட்டு வைக்காத தாயி. பலகை விட்டுப்போவும்” என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது மலைப் பக்கம் இடி இடித்தது. ஆற்றைப் பார்த்தார்கள். தண்ணீர் சிவந்திருந்தது. வரும்போது வெளியே தெரிந்த பாறை இப்போது தெரியவில்லை. இன்னும் அரை மணி போனால் யாராலும் கடக்க முடியாது. கடக்காவிட்டால் தாசில்தார் இரவு முழுக்க இந்தக் குடியிருப்பில், இந்தப் பத்தொன்பது பேரோடுதான் இருந்தாக வேண்டும்.

தாசில்தார் வேகவேகமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “தூக்குங்க, தூக்குங்க.”

தலையாரிகள் பின்பக்கம் போய் நின்றார்கள். முன்பக்கம் ஆள் இல்லை.

மாசிலாமணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நான் தூக்க மாட்டேன். எந்தச் சட்டத்துல எழுதியிருக்குன்னு காட்டுங்க, தூக்குதேன்.”

தாசில்தார் அதட்டவில்லை. பிரம்பையும் எடுக்கவில்லை. ஆற்றைப் பார்த்தார். குடிசை வாசல்களில் வந்து நிற்கிற முகங்களைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிணற்றைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பெரிய நாற்காலியில் அவர் ரொம்பச் சின்ன ஆளாக இருப்பதை மாசிலாமணி கவனித்தார். அதற்காகவும் அவர் இரங்குவதாக இல்லை.

ஐயா நடந்து வந்தார். நாற்காலிக்கு முன்னால் குனிந்தார். காயம்பட்ட பக்கம் என்றுகூடப் பார்க்காமல் மூங்கிலுக்கு அடியில் கழுத்தைக் கொடுத்தார்.

மாசிலாமணி துள்ளி எழுந்தார். “ஐயா! என்ன செய்யுதீங்க? அந்தாளு உங்க கையைக் கட்டிப்போட்டிருக்காரு!”

ஐயா குனிந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

“கையைத்தான அண்ணாச்சி. தோளு சும்மாதான இருக்கு.”