பெரிய ஏரி எவ்வளவு தூரம்?

“பெரிய ஏரியா? அது என்ன தூரம். வெயில் ஏறினதும் கிளம்பினா உச்சிப்பொழுதுக்குள்ள இறங்கிடலாம்.”

அகன்ற இறக்கை கொண்ட ஒரு கூழைக்கடாப் பறவை இன்னொரு கூழைக்கடாவிடம் இப்படிச் சொன்னது குளத்துக் கோரைக்குள் இருந்த குமிழியின் காதில் விழுந்தது. குமிழி ஒரு முக்குளிப்பான். கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, குட்டையான இறக்கை. அதற்கு மூன்று குஞ்சுகள். அப்போதுதான் பறக்கப் பழகியிருந்தன.

குளம் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது. மற்றப் பறவைகள் நினைத்த நேரத்தில் கிளம்பிவிடலாம். முக்குளிப்பானுக்கு அது முடியாது. அதன் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கின்றன. தரையில் நிற்கவே தள்ளாடும். தண்ணீர்மேல் தடதடவென்று ஓடினால்தான் எழும்ப முடியும். ஓட இடமில்லாமல் குளம் சுருங்கிவிட்டால் சேற்றிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

அரை நாள் வழிதானே என்று குமிழிக்குத் தெம்பு வந்தது. முதலில் தான் மட்டும் போய்ப் பார்ப்போம் என்று, குஞ்சுகளைக் கோரைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் வெயில் ஏறியதும் கிளம்பியது. இரண்டு ஊர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. தலைக்கு மேலே அதே கூழைக்கடா போய்க்கொண்டிருந்தது. குமிழி அண்ணாந்து பார்த்தது. அது இறக்கையை அசைக்கவே இல்லை. சூடேறிய காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. குமிழியோ ஓயாமல் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து குளத்தில் விழுந்தது.

சாயங்காலம் கூழைக்கடா வந்ததும் நேரே அதனிடம் போனது.

“அண்ணே, பெரிய ஏரி எவ்வளவு தூரம்னு நான் கேக்கல. போற வழியில எங்கெங்க தண்ணி கிடக்கு, அதைச் சொல்லுங்க.”

“தண்ணியா? நான் எதுக்குக் கீழ குனிஞ்சு பாக்கறேன்?”

“அப்ப நாளைக்குப் பாருங்க.”

கூழைக்கடா சிரித்தது. இந்த உடம்புக்குப் பெரிய ஏரி ஒரு கேடா என்றது. குமிழி விடவில்லை. மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும் கேட்டது. மீனை விழுங்கும்போதுகூடப் பக்கத்தில் நீந்தி வந்து கேட்டது. தொல்லை தாங்காமல் நான்காம் நாள் கூழைக்கடா பார்த்து வந்து சொன்னது. முதலில் செங்கல் சூளைப் பள்ளம், அப்புறம் கோயில் தெப்பக்குளம், கடைசியாக ஒரு கல்குவாரிக் குட்டை. மூன்றிலும் தண்ணீர் இருக்கிறதாம்.

அதற்குள் குளம் பாதியாகிவிட்டிருந்தது. மறுநாள் விடிகாலைக் குளிர்ச்சியில் குமிழி குஞ்சுகளை ஒரு கரையோரத் தண்ணீரில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக ஓடச் சொன்னது. இரண்டு எழும்பிவிட்டன. கடைக்குட்டி எதிர்க்கரைச் சேறுவரை ஓடியும் எழும்பவில்லை. அதைத் திரும்பி வரச் சொல்லி, ஒட்டி நின்று, குமிழியும் கூடவே ஓடியது. சேற்றின் விளிம்பில் இரண்டும் எழும்பின.

ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர். நான்காம் நாள் நான்கும் பெரிய ஏரியில் இறங்கின. கூழைக்கடா அங்கே முன்பே மிதந்துகொண்டிருந்தது.

“அரை நாள் வழிக்கு நாலு நாளா?” என்று கேலி செய்தது.

குமிழி குஞ்சுகளோடு தண்ணீருக்குள் முங்கியது.

அடுத்தவர் இறக்கை சொல்லும் நேரத்தை நம்பாமல், தன் இறக்கை தாங்கும் தூரத்தை அறிந்து புறப்படுகிறவரே போய்ச் சேருவார்.