அப்பாவிடம் கேட்ட கேள்வி

அறுவை சிகிச்சை மேற்படிப்பு படிக்கும் முகிலன், தன் பேராசிரியர் தாணுமூர்த்தியிடம் வந்து நின்றான்.

“சார், ஒரு சந்தேகம். பதினாலு வயசுப் பையனுக்கு விதைப்பையில நீர் கோத்தா எங்க கிழிக்கிறது? தொடையிடுக்குலயா, நேரா விதைப்பையிலயா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.”

“நீ எங்க கிழிச்ச?”

அவரிடம் மாட்டினால் இப்படித்தான். கேட்க வந்தவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“விதைப்பையில. சித்திரை லீவுல. இப்ப மறுபடியும் வீங்கி வந்திருக்கான் சார்.”

வெளியே பெஞ்சில் ஜெரால்டும் அவன் அப்பா மரியதாஸும் உட்கார்ந்திருந்தார்கள். தாணுமூர்த்தி இருவரையும் உள்ளே கூப்பிட்டார். பையன் புத்தகப் பையை முன்னால் பிடித்தபடியே வந்தான்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன கேட்ட?” என்றார் முகிலனிடம்.

“வீக்கம் கூடிக் குறையுதான்னு கேட்டேன்.”

“என்னைக்கும் ஒண்ணுபோலதான் இருக்குன்னு நான்தான் சார் சொன்னேன்” என்றார் மரியதாஸ்.

“நீங்க பாத்தீங்களா?”

“வளந்த பையன். அதெல்லாம் எப்படி சார் பாக்கிறது?”

“சரி. கொஞ்சம் வெளிய இருங்க.”

அவர் போனதும் தாணுமூர்த்தி கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைப் பையன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, காலையில எந்திரிக்கும்போது எப்படி இருக்கும்?”

ஜெரால்டு சுவரைப் பார்த்தான். அவர் அவசரப்படுத்தவில்லை.

“வத்தி இருக்கும் சார். சாயங்காலம் பெருசாயிரும்.”

“ஆபரேஷனுக்கு முன்னாடி?”

“அப்பவும் அப்படித்தான்.”

முகிலனுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றிலிருந்து நீர் இறங்கும் வழி, பிறந்ததிலிருந்தே மூடாமல் இருந்திருக்கிறது. படுத்தால் நீர் மேலே ஏறிவிடும், நடந்தால் இறங்கும். தொடையிடுக்கில் கிழித்து அந்த வழியைக் கட்டியிருக்க வேண்டும். அவன் கீழே கிழித்தது வீண்.

“இதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?” என்றான். கோபம் யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

“என்கிட்ட கேக்கலையே சார். அப்பாகிட்டதான கேட்டீங்க?”

பிறகு ஜெரால்டே கேட்டான். “இன்னொரு தடவை அறுப்பீங்களா? பள்ளிக்கூடத்துல குடல்வால் ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன். இனி என்னத்தைச் சொல்ல?”

பையன் பையை முன்னால் பிடித்தபடி வெளியே போனான்.

“தப்பு என்னோடதுதான் சார்” என்றான் முகிலன். “நான் போய் அவங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுடுறேன்.”

தாணுமூர்த்தி கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பாவையா அறுத்த?”