தோற்றவர் எழுந்திருக்கக் கூடாது

இது நான் நேரில் பார்த்ததில்லை. என்னோடு கல்லூரியில் படித்த கிரேஸ்லின் சொன்னது. அன்று வரிசையில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. அவள் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் எழுதப் பார்க்கிறேன். உறுதியாகத் தெரியாத இடம் வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு டயர் கடை. அதற்கு மேல் மாடியில் ஒரு கேம் சென்டர். அங்கே டெல்சியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்திரண்டு. இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் சண்டை ஆட்டத்தில் அந்த ஊரில் அவளை ஜெயித்தவர் இல்லை.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் சுடலைமணி. அவருக்கு இருபத்தெட்டு. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

சுடலைமணிக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதக் கடைசியில் ஏறினால் ஒன்பது மாதம் கடலில். நாலு வருடமாக ஆடுகிறார். ஒரு போட்டியில்கூட ஜெயித்ததில்லை. ஏறுவதற்கு முன் ஒன்றாவது ஜெயித்துவிட வேண்டும். மாநிலப் போட்டி இன்னும் இரண்டு வாரத்தில் மதுரையில். பெயர் கொடுக்க அன்று மாலை ஆறு மணிதான் கடைசி. ஒருவர் ஒரு வகை ஆட்டத்தில் மட்டுமே பெயர் கொடுக்கலாம்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் கையில் நாலு தாளோடு வந்தார்.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. இருக்கிற ஆட்ட வகையிலேயே எது ரொம்பக் கஷ்டம்?"

"தாள்ல என்ன அண்ணே?"

"எல்லாம் நெட்ல தேடி எடுத்தேன். படையைக் கட்டி நடத்துற ஆட்டந்தான் கஷ்டம்னு ஒருத்தன் போடுறான். நிமிஷத்துக்கு முந்நூறு தடவை கை அசையணுமாம். துப்பாக்கி ஆட்டந்தான்னு இன்னொருத்தன். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் ஆடுறதுதான்னு வேற ஒருத்தன், நூறு வீரனுக்கு மேல மனப்பாடம் பண்ணணுமாம். நீங்க ஆடுறதுதான்னும் ஒருத்தன் போட்டிருக்கான்."

"நீங்க எதெல்லாம் ஆடிப் பாத்தீங்க?"

"எல்லாத்தையும். துப்பாக்கி எட்டு மாசம். அஞ்சு பேர் ஆட்டம் ரெண்டு வருஷம், நடுவுல படை நடத்துறது. இப்போ மூணு மாசமா உங்ககிட்ட."

"எதுக்கு மாறினீங்க?"

"ஒரு இடத்துக்கு மேல போக மாட்டேங்குது மாஸ்டர். தோத்துக்கிட்டே இருந்தா எப்படி?"

"சரி. எது கஷ்டம்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"அதுலதான் பேர் கொடுப்பேன்."

"எதுக்கு அண்ணே?"

சுடலைமணி தாளை மடித்தார். விரித்தார்.

"அதுல தோத்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல."

வேன் ஓட்டுகிற பேச்சிமுத்து பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரையேறிவிட்டது.

அந்த சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை ஆட்டத்தில் ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். சனிக்கிழமைகளில் திரும்ப உட்கார அரைமணி நேரம் ஆகும். அதற்குள் போனைப் பார்க்கலாம், கீழே போய் டீ குடிக்கலாம், ஏன் தோற்றோம் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கதை சொல்லலாம். சுடலைமணி அதில் நல்ல கதைசொல்லி என்று கிரேஸ்லின் சொன்னாள்.

டெல்சி எழுந்து நின்று கை தட்டினாள்.

"இன்னைக்கு இந்த மிஷின்ல ரூல் மாறுது. ஜெயிச்சவங்க எழுந்துக்கணும். தோத்தவங்க உட்கார்ந்திருக்கணும். அண்ணே, உட்காருங்க."

"எதுவரைக்கும்?"

"ஜெயிக்கிற வரைக்கும். ஒவ்வொரு தடவை தோத்ததும் எதுனாலன்னு சத்தமா சொல்லணும். அவ்வளவுதான்."

"பேர் கொடுக்குற ஃபார்ம்?"

"ஆறு மணிக்குப் பாக்கலாம்."

முதலில் உட்கார்ந்தவள் கிரேஸ்லின்தான். ஒரு நிமிடத்தில் ஜெயித்துவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணே."

"கன்ட்ரோலர் ஒட்டுது."

டெல்சி இரண்டு கன்ட்ரோலரையும் கைமாற்றிக் கொடுத்தாள். அடுத்து பேச்சிமுத்து. அவனும் ஜெயித்தான்.

"இவன் எடுத்த ஆளு வலுவான ஆளு மாஸ்டர். அந்த ஆளை வச்சு யாரு ஆடுனாலும் ஜெயிப்பாங்க."

"அண்ணனுக்கு அந்த ஆளைக் கொடு பேச்சி. நீ அண்ணன் ஆளை எடுத்துக்கோ. இன்னொரு ஆட்டம் போடு."

பேச்சிமுத்து மறுபடியும் ஜெயித்தான்.

"ஜன்னல் வெளிச்சம் என் பக்கம் அடிக்குது."

நாற்காலி மாறியது. தோற்றார்.

வரிசை நீண்டுவிட்டது. ஜெயிப்பது நிச்சயம் என்றால் யார்தான் வர மாட்டார்கள்? டயர் கடையில் இருந்துகூட இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அவர்கள் கன்ட்ரோலரைத் தொட்டதே அன்றுதான்.

"அண்ணே, நான் மூணாவது தடவை வாரேன். உங்க புண்ணியத்துல கை நல்லா பழகிருச்சு" என்றான் பேச்சிமுத்து.

"பேசாம ஆடுல."

"பேசாம ஆடினா உங்களுக்குத் தூக்கம் வந்துருமே."

எத்தனை முறை தோற்றார் என்பதில் கணக்கு ஒத்துப்போகவில்லை. கிரேஸ்லின் நாற்பது என்கிறாள். பேச்சிமுத்து எழுபது என்று சொல்லித் திரிகிறானாம். நான் எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன். மூன்று மணிக்கு மேல் சொல்வதற்கு அவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. அது மட்டும் நிச்சயம்.

"சொல்லுங்க அண்ணே."

"தெரியல."

அடுத்த ஆட்டம்.

"சொல்லுங்க."

"தெரியல மாஸ்டர்."

டெல்சி திட்டவில்லை. சொல்லியும் கொடுக்கவில்லை. அடுத்த ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

நாலு மணிவாக்கில் டயர் கடைக்காரர் ஒருவரிடம் தோற்றார் சுடலைமணி. சிரிப்பு அடங்க நேரமானது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் குதிச்சேன்" என்றார்.

டெல்சி முதல் முறையாக ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எப்போ?"

"அவர் கிட்ட வந்தப்போ. காத்துல இருக்கும்போது தடுக்க முடியாதுன்னு தெரியும். தெரிஞ்சே குதிச்சேன்."

"இதுக்கு முந்தி?"

"அப்பவும் குதிச்சேன். மத்தியானத்துல இருந்து அதைத்தான் செய்றேன். பயம் வந்தா குதிச்சிருதேன்."

டெல்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகும் தோற்றார். ஆனால் வேறு மாதிரி. ஒவ்வொரு ஆட்டமும் நீண்டது. எதிரி கிட்ட வரும்போது, குதிக்கப் போன கட்டைவிரலை இழுத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் நின்றார். அடி வாங்கினார், தடுத்தார், மறுபடியும் நின்றார். வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தேகாலுக்குப் பேச்சிமுத்து எட்டாவது முறையாக உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் ஒரு அடி வாங்கும் உயிர்தான் மிச்சம். பேச்சிமுத்து நெருங்கினான். சுடலைமணி நகரவில்லை. பேச்சிமுத்து இன்னும் நெருங்கினான். சுடலைமணி நின்றார்.

குதித்தது பேச்சிமுத்துதான்.

கீழிருந்து ஒரே ஒரு குத்து. கூச்சலில் மாடி அதிர்ந்தது. கீழே கடையில் டயரைப் போட்டுவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்களாம்.

"ஏ, அண்ணன் ஜெயிச்சிட்டாருல!" என்று கத்தியதும் பேச்சிமுத்துதான். தான் தோற்றது அவனுக்கு அப்புறந்தான் உறைத்தது.

"எழுந்துக்கோங்க அண்ணே" என்றாள் டெல்சி. "ஜெயிச்சாச்சு."

சுடலைமணி எழுந்திருக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கன்ட்ரோலரை மறுபடி எடுத்தார்.

"அடுத்தது யாரு?"

"ரூலு ரூலுதான அண்ணே! எந்திரிங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏல, வந்து எழுப்பிப் பாரு."

கிரேஸ்லின் உட்கார்ந்தாள். அவளையும் ஜெயித்தார். அடுத்து வந்தவனையும் ஜெயித்தார். இதைச் சொல்லும்போது தோற்ற கிரேஸ்லினுக்கே முகம் மலர்ந்தது.

ஆறு அடிக்க இருபது நிமிடம் இருந்தது. டெல்சி போனில் ஃபார்மைத் திறந்தாள்.

"எந்த ஆட்டம்னு போடட்டும்?"

"இதுதான். வேற என்ன?"

அவள் அவர் பெயரை அடித்து அனுப்பினாள். சுடலைமணிக்கு அப்போதுதான் மத்தியானம் கொண்டுவந்த தாள்கள் ஞாபகம் வந்தன. மடியில் தேடினார். யாரோ அவற்றை எடுத்துப் பஜ்ஜி வைத்துத் தின்றிருந்தார்கள்.

"மாஸ்டர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. எது கஷ்டம்?"

டெல்சி யோசித்தாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று கிரேஸ்லின் இரண்டு முறை சொன்னாள்.

"எனக்குத் தெரியாது அண்ணே. நான் இந்த ஒரு நாற்காலியில மட்டுந்தான் உட்கார்ந்திருக்கேன்."

இதை எழுத உட்கார்ந்தபோது மதுரைப் போட்டியின் முடிவுப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சண்டை ஆட்டத்தில் பதினாறு பேர். அந்தப் போட்டியில் ஒருமுறை தோற்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள். தோற்றவர்களின் வரிசையில் சேர்ந்து தொடர்ந்து ஆடலாம், இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியே. சுடலைமணியின் பெயருக்கு எதிரே ஒன்பது ஆட்டங்கள் இருக்கின்றன. முதல் ஆட்டம் தோல்வி. மற்ற எட்டும் வெற்றி. அவரை முதல் ஆட்டத்தில் தோற்கடித்தவரின் பெயர், பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறது.